குப்புறப் படுக்கக் கற்றுக்கொடுத்தவர்

அவருக்கு முகங்கள் நினைவில் தங்காது. காலடிப்பேட்டை கடைத்தெருவில் எதிரே வந்து வணக்கம் சொன்னால், யாரோ வழி கேட்கிறார்கள் என்பதுபோல் நின்று பார்ப்பார். நாம் சலித்துப்போய்க் கடந்து நாலடி நடந்ததும் பின்னாலிருந்து குரல் வரும். "அட, சேப்டி சாரா? போங்க சார், போங்க." முதுகைப் பார்த்ததும் ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும். நடையை வைத்துச் சொல்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். நடை இல்லை, முதுகுதான் என்றார். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மெதுவாகச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்று, உறுதி செய்துகொண்டு, பிறகு முன்னால் வருவார். பழகாதவர்களுக்குத் தோள்பட்டை சிலிர்க்கும். பழகியவர்களுக்கும் சிலிர்க்கும், வெளியே சொல்லமாட்டார்கள்.

தெருவில் அவருக்குக் கேம்ப் என்று பெயர். சின்னவர்களுக்குக் கேம்ப் அண்ணன். பிறந்தது ராயபுரம். ஏதோ ஒரு பாலைவன நாட்டில், அந்த நாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ராணுவம் போட்டிருந்த முகாமில், சமையல், சலவை, கழிப்பறை வேலைகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பெனியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். எந்த நாடு என்று கேட்டால் சொல்லிவிடுவார். அதுதான் அவரிடம் இருந்த விசித்திரம். கேட்டால் எதையும் மறைக்கமாட்டார். கேட்காவிட்டால் ஒரு வார்த்தை வராது.

நான் மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவன் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் மறுக்கமாட்டேன். ஓய்வுக்குப் பிறகு தெருவுக்கே விண்ணப்பம் எழுதுபவனாகிவிட்டேன். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பதிலிருந்து வெளிநாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவருவதுவரை எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னல் என்பது எனக்குத் தெரியும். இந்த இரண்டாவது வேலை கடைசியில் அடிக்கடி வந்தது.

மண்ணடியில் இருந்த ஒரு ஏஜென்சி ஆள் பிடிக்கும். பிடித்த ஆட்களைக் கேம்ப்பிடம் அனுப்பும். அவர் சரி என்று சொன்னவர்களுக்குத்தான் டிக்கெட். அவர் அவர்களுக்குச் சமையலோ சலவையோ கற்றுக்கொடுக்கவில்லை. படுக்கக் கற்றுக்கொடுத்தார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பகுதியில் பிறந்தவனுக்குச் சங்கு என்றால் எழுந்திருப்பது. காலைச் சங்குக்குத் தூக்குச்சட்டியோடு கிளம்புவான். மதியச் சங்குக்குக் கை கழுவ எழுவான். அபாயச் சங்கு என்றால் எந்திரத்தை நிறுத்திவிட்டு, ஓடாமல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாயு வரும் வழியில் சிக்காமல் வெளியேறி, பச்சைப் பலகை மாட்டிய கூடுமிடத்துக்கு வந்து வெட்டவெளியில் நிற்பான். தலை எண்ணப்படும். இதை ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். அமோனியாவிலிருந்து உயிர் பிழைக்க இதைவிட நல்ல முறை கிடையாது.

முகாமிலும் சங்கு உண்டு. அங்கே அது ஒலித்தால் வானத்திலிருந்து ஏதோ வருகிறது என்று பொருள். வெட்டவெளியில் நிற்பவன் அதற்காகவே நிற்பவன் மாதிரி.

எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலில் கொட்டிய கருங்கற்களுக்கும் இடையில், மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் மதிலையொட்டி, கொஞ்சம் மணல் மிச்சமிருந்தது. அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். சங்குக்கு அவர் செலவு செய்யவில்லை. பக்கத்துத் தொழிற்சாலைச் சங்கு மதியத்தில் இலவசமாக ஒலித்தது. ஆறேழு பேர் மணலில் சும்மா நடந்துகொண்டிருப்பார்கள். சிலர் கையில் பாத்திரம், சிலர் கையில் துடைப்பம். சங்கு கிளம்பியதும் அப்படியே குப்புற விழவேண்டும். கால்களைச் சேர்த்து, வாயைத் திறந்து வைத்து, இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொள்ளவேண்டும். அவர் "எழு" என்று சொல்கிறவரை அசையக்கூடாது. ஒன்று விழுந்து முடிந்தது என்று எழுகிறவனைத்தான் இரண்டாவது வந்து பிடிக்கும் என்பார்.

கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருக்க, உச்சி வெயிலில், யாரும் எதுவும் செய்யாமலே ஆட்கள் திடீரென்று முகத்தை மணலில் புதைத்துக் கிடப்பதை முதல்முறை பார்த்தபோது நான் நடையை நிறுத்திவிட்டேன். அந்த மணலில் வசித்த செவலை நாய் ஒன்றும் அவர்களோடு படுத்திருந்தது. அதுவும் அவர் சொன்ன பிறகுதான் எழுந்தது.

சங்கு முடிவதற்குள் படுக்காதவனுக்கும், அவர் சொல்லுமுன் எழுந்தவனுக்கும் டிக்கெட் இல்லை. இது ஏஜென்சியின் விதியல்ல. கம்பெனியின் விதியுமல்ல. எந்தச் சட்டத்திலும் கிடையாது. அவராக வைத்த விதி. அதை மீறி ஒருவனைக்கூட அவர் அனுப்பியதில்லை என்று ஏஜென்சிக்காரரே என்னிடம் அலுத்துக்கொண்டார்.

எங்கள் தெரு முனையில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். "சார்வாள், நீங்க எல்லாத்துக்கும் நிக்கச் சொல்லிக்குடுத்திய. இவரு படுக்கச் சொல்லிக்குடுக்காரு. உக்காரச் சொல்லிக்குடுக்க ஒரு ஆளு வந்துட்டா நம்ம தெருவுக்கு ஒரு குறையும் இல்ல" என்பார்.

நான் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒருநாள் சலூனில் நடந்ததைப் பார்த்த பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டேன். விடுமுறையில் வந்திருந்த ஒருவன், கேம்ப்பிடம் பயின்றவன், முகத்தில் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தான். மதியச் சங்கு ஊதியது. நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, வெட்டிய முடியெல்லாம் கிடந்த தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். சலூன்காரர் கத்தியை உயரத் தூக்கியபடி உறைந்துவிட்டார். சங்கு நின்றது. அவன் எழவில்லை. தொட்டார்கள், கூப்பிட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். கண்கள் திறந்துதான் இருந்தன. கடைசியில் யாரோ ஓடிப்போய்க் கேம்ப்பை அழைத்து வந்தார்கள். வாசலில் நின்றபடியே முதுகைப் பார்த்தார். பெயரைச் சொன்னார். "எழு" என்றார். அவன் எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மறு கன்னத்தைக் காட்டினான்.

அவரைக் குறைசொல்ல ஆசைப்பட்டவர்களுக்கு அவர் ஒரு பிடியும் கொடுக்கவில்லை. மற்ற ஏஜென்ட்கள் ஐந்து நட்சத்திர ஓட்டல் சமையலறை என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. இவர் ஆட்களை உட்காரவைத்து, ரயில் நேரம் சொல்வதுபோன்ற குரலில், எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். "பேப்பர்ல ஒரு ஊரு இருக்கும். போறது வேற ஊரு. பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்குவான். சண்டை உங்களுது இல்ல, ஆனா குண்டுக்கு அது தெரியாது. செத்தா பொட்டில வருவீங்க. பொட்டி மேல கொடி இருக்காது. யாருன்னா கேக்கணும்னா இப்பவே கேளுங்க." யாரும் கேட்கமாட்டார்கள். இவ்வளவு உண்மை சொல்கிறவர் நம்மைக் கெடுக்கமாட்டார் என்ற நம்பிக்கையோடு கையெழுத்துப் போடுவார்கள். பொய் சொல்லி ஆள் பிடித்தவர்களைவிட இவரிடம் ஆள் அதிகம் சேர்ந்தது.

ஒப்பந்தத்தை நான் படித்திருக்கிறேன். எழுதியவர் கெட்டிக்காரர். ராணுவம் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது, அந்தக் கம்பெனி இன்னொன்றுக்கு, அது மற்றொன்றுக்கு, அது மண்ணடிக்கு. ஒவ்வொரு கையெழுத்தும் செல்லும். பணியிடம் என்ற இடத்தில் "நிறுவனம் தீர்மானிக்கும் இடம்" என்று இருந்தது. காப்பீடு உண்டு. விபத்து, நோய், பாம்புக்கடி எல்லாம் உண்டு. போர் மட்டும் விலக்கு. போருக்கு மட்டுமே போகிறவர்களுக்கு, போரைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் பாதுகாப்பு. அந்தப் போரில் இறந்தவர்கள் என்று ராணுவம் அறிவிக்கும் கணக்கில் இவர்கள் வரமாட்டார்கள். அவர்கள் ராணுவத்தார் இல்லையே. உடல் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வந்து இறங்கும். நம்மவர்களுக்குத் துறைமுகப் பழக்கம் இருப்பதால் எந்த ஜன்னலில் எதைக் காட்டவேண்டும் என்று தடுமாறாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

கேம்ப்பை ஒருமுறை நேராகவே கேட்டேன். இந்தப் படுக்கிற பாடம் எப்படி வந்தது?

அங்கே போன புதிதில் எண்ணூர்க்காரன் ஒருவன் இருந்தானாம். இங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். முதல் சங்குக்கு எல்லோரும் விழுந்து கிடந்தபோது அவன் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, ஓடாமல், நிதானமாக நடந்து வெளியே போனான். முற்றத்தில் ஏதோ ஒரு பச்சைப் பலகை இருந்தது. அதன் கீழே போய், கைகளைத் தொங்கவிட்டு, எண்ணுவதற்கு வசதியாக நேராக நின்றான்.

"கரெக்டா நின்னான் சார்" என்றார் கேம்ப். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எந்தக் கம்பெனி ஆளுன்னு சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

தேவையில்லை என்றேன். அவரும் சொல்லவில்லை.

என் வீட்டின் பின்கட்டில் மோகனும் கஸ்தூரியும் குடியிருந்தார்கள். மோகன் என் தொழிற்சாலையிலேயே ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவன். பயிற்சி என்றால் முதல் ஆளாகக் கூடுமிடத்தில் நிற்பான். ஒப்பந்தம் போனபின் தேரடியருகே கூலிக்கு ஆள் எடுக்கும் முனையில் காலையில் நிற்பான். மதியம் வரை நிற்பான். கஸ்தூரி காசிமேட்டில் இறால் உரிக்கப் போவாள். மோகன் கேம்ப்பிடம் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்த அன்று, இறால் வாடையோடு நேராக என்னிடம் வந்தாள்.

மோகன் தேறமாட்டான் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. காரணமும் இருந்தது. சங்கு கேட்டதும் விழுவான். விழுந்த வேகத்தில் தலையைத் தூக்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்ப்பான். இன்னா நைனா தேடற என்று கேம்ப் கேட்டதற்கு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன் என்றானாம். மற்றவர்கள் மணலுக்குள்ளேயே சிரித்திருக்கிறார்கள்.

"நீங்க சொல்லிக்குட்த்தது அவரு ஒடம்புல கீது சார். அத்த மறக்க வெச்சிகினு கீறாரு அந்தாளு" என்றாள் கஸ்தூரி. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிப்பாரு. செத்தவங்களக் கொண்டாறதுக்கு எல்லாப் பேப்பரும் எய்தறீங்க. ஒரு தபா, உசுரோட கீற ஒருத்தர இங்கியே நிறுத்தறதுக்கு எதுனா எய்துங்க."

அதற்குப் படிவம் இல்லை என்று சொன்னேன். வயது வந்தவன், தெரிந்தே கையெழுத்திட்டவன், எதுவும் மறைக்கப்படவில்லை. நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரியாகச் சொல்கிறவர்கள் இந்தத் தெருவில் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மோகனிடமும் பேசிப் பார்த்தேன். "இங்க தெனம் நின்னுகினுதான் சார் கீறேன். அங்க படுத்தாலாவது துட்டு" என்றான். அதற்குமேல் என்னிடம் விதி எதுவும் இருக்கவில்லை.

அவன் தேறிக்கொண்டு வந்தான். தலை தூக்குவது நின்றது. பின்கட்டில் குக்கர் விசில் அடித்தால் சுவரோடு ஒட்டுகிறான் என்று கஸ்தூரி சொன்னாள். தூக்கத்தில் குப்புறத் திரும்பிப் பிடரியைப் பொத்திக்கொள்கிறானாம். கைகளை விலக்கப் பார்த்தாளாம்; முடியவில்லை. "பொணத்த மாறி கெடக்கல சார். பொணத்துக்குப் பயந்தவன் மாறி கெடக்கறாரு" என்றாள்.

கடைசிப் பரீட்சை அன்று நானும் மணலுக்குப் போயிருந்தேன். ஏஜென்சி அவசரப்படுகிறது என்று கேள்வி. மதிலின்மேல் வேலையில்லாதவர்கள் வழக்கம்போல் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று கஸ்தூரியும் வந்திருந்தாள். கருங்கற்களின் பக்கம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

சங்கு கிளம்பியது. ஆறேழு பேரும் ஒரே ஆளைப்போல் விழுந்தார்கள். மோகன்தான் முதலில் விழுந்தான். தலை அசையவில்லை. கடல் காற்று மணலை வாரி அவர்கள் முதுகுகளின்மேல் போட்டது. சங்கு நின்ற பிறகும் கேம்ப் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நடுவில் நேராக நின்றுகொண்டிருந்தார். முகம் கொஞ்சம் வானத்தைப் பார்த்திருந்தது. பிறகு கண்கள் இறங்கி, ஒவ்வொரு முதுகாகப் போய் வந்தன. உதடுகள் அசைந்தன.

அவர் எப்போதும் அப்படித்தான் நின்றார். பயிற்சி கொடுப்பவன் நிற்பது முறைதானே என்று நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. படுத்திருப்பவர்களுக்கோ அது தெரியவே தெரியாது.

கஸ்தூரி மணலில் இறங்கி அவர் எதிரே வந்து நின்றாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"எல்லாரையும் படுக்க வெச்சிட்டு நீ மட்டும் இன்னாத்துக்குண்ணே நிக்கற?"

"எண்ணணும்மா."

"இன்னா எண்ணணும்?"

"அங்க அதான் என் வேலை. சங்கு நின்னதும் எத்தினி பேரு எய்ந்துக்கறான்னு பாத்து ஒடனே ஆபீசுக்குச் சொல்லணும். மறுநாள் சமையலுக்கு ஆளு கொறயக் கூடாது."

"நிக்கறவன் மேல வுழாதா?"

"வுழும். எனக்கு முன்னாடி நின்னவரு மேல வுழுந்துச்சு. அப்பதான் எனக்கு அந்த வேலை குட்த்தாங்க."

அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கஸ்தூரி கீழே கிடந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். படுத்திருந்தவர்களின் காதுகள் மணலுக்கு வெளியே இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆளு கொறஞ்சா இன்னா பண்ணுவாங்க?"

"மெட்ராஸுக்குச் சொல்லுவாங்க. பதிலுக்கு ஆளு வரும்."

"அப்ப எங்க வூட்டுக்காரரு யாருக்குப் பதிலா போறாரு?"

எத்தனையோ ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்திருக்கிறேன். எந்தப் படிவத்திலும் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை. எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"மாத்தூர் ஆளும்மா. இந்த மணல்லதான் கத்துக்கினான்."

"சங்குக்கு நின்னுட்டானா?"

"இல்ல. படுத்தான்." கேம்ப் சற்று யோசித்தார். சரியாகச் சொல்லவேண்டும் என்பதற்காக யோசித்தார் என்றே நினைக்கிறேன். "நல்லாத்தான் படுத்தான்."

ஒரு முதுகும் அசையவில்லை. லாரி ஒன்று காற்றை வெளிவிட்டது. செவலை நாய் தாடையை மணலில் அழுத்திக்கொண்டு கிடந்தது.

கஸ்தூரி மோகனிடம் போனாள். "எய்ந்துருய்யா" என்றாள். அவன் எழவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் தெருவில் அவள் வாயிலிருந்து அவன் பெயரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அப்போதும் அவன் எழவில்லை. கேம்ப்பைத் திரும்பிப் பார்த்தாள். அவர் "எழு" என்று சொல்லவில்லை. அவள் குனிந்து, மோகனின் அக்குள்களில் கைகொடுத்து, வலையை இழுப்பதுபோல் மணலிலிருந்து இழுத்துத் தூக்கினாள். நனைந்த மூட்டைபோல் வந்தான். பிடரியைப் பொத்திய கைகள் அப்படியே இருந்தன. கால்கள் தரையில் ஊன்றியதும் அவனுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முகம் முழுவதும் மணல். அவள் அதை முந்தானையால் துடைத்தாள்.

கேம்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவரு வேணாம்" என்றார். "நான் சொல்றதுக்கு முன்ன எய்ந்துட்டாரு."

அவர் அதைக் கோபத்தில் சொன்னாரா, இரக்கத்தில் சொன்னாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். விதிப்படி சொன்னார் என்பதுதான் எனக்குத் தெரிந்தவரையில் சரி. கஸ்தூரி மோகனின் தோளில் கைபோட்டு நெடுஞ்சாலைப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள். முதல் சில அடிகள் அவன் குனிந்தே நடந்தான். பிறகு நிமிர்ந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். கேம்ப் அவர்கள் இருவரின் முதுகுகளையும் லாரிகளுக்கு நடுவில் மறையும்வரை பார்த்தார்.

மற்றவர்கள் படுத்தபடியே இருந்தார்கள். அவர்களும் அதே வார்த்தைகளைத்தான் கேட்டிருந்தார்கள். தூக்கிவிட அவர்களுக்கு யாரும் வந்திருக்கவில்லை.

கேம்ப் மறுபடி எண்ணினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, "ஒண்ணு கொறயுது" என்றார்.

மணலில் மோகன் படுத்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. நெற்றி பதிந்த இடம்கூடத் தெரிந்தது. மதில்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், பச்சைச் சட்டை போட்டவன், கீழே குதித்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. போய் அந்தப் பள்ளத்தில் குப்புறப் படுத்து, கால்களைச் சேர்த்து, வாயைத் திறந்து, இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டான். பள்ளம் அவனுக்குச் சரியாக இருந்தது.